வளரும் பிள்ளைக்கு மலைச் சைக்கிள்: வேலூர்ப் பக்கத்துப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளிச் சீருடைத் துணியைத் தையல்காரரிடம் கொடுக்கும்போது "வளர்கிற பிள்ளை, கீழே கொஞ்சம் மடித்துத் தைத்துவிடுங்கள்" என்று சொல்லாத வீடு எங்கள் வட ஆற்காட்டுப் பக்கத்தில் இராது. அதே பேச்சைச் சைக்கிள் கடையிலும் பேசுகிறோம். காட்பாடியில் வசிக்கும் நான் கடைக்காரனும் அல்லன், மெக்கானிக்கும் அல்லன். மகனுக்கும் மகளுக்குமாக இதுவரை ஐந்து சைக்கிள்களை வாங்கியும் மாற்றியும் பார்த்தவன். தெருவில் உள்ளவர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன். தடித்த பட்டன் டயரும் நேரான ஹேண்டில் பாரும் கொண்டு, கடைகளில் எம்.டி.பி. என்ற பெயரில் விற்கப்படும் வகையையே மலைச் சைக்கிள் என்று குறிப்பிடுகிறேன்.

வளர்கிற பிள்ளைதானே, ஓர் அளவு பெரிதாகவே வாங்கிவிட்டால் என்ன?

மடித்துத் தைத்த கால்சட்டையை அடுத்த ஆண்டு பிரித்துவிடலாம். சைக்கிளின் ஃபிரேமை மடித்து வைக்க வழியில்லை. என் மகன் ஒன்பது வயதில் 130 செ.மீ. உயரம் இருந்தபோது, இன்னும் ஐந்து வருடம் ஓட்டுவான் என்ற கணக்கில் 26 அங்குலச் சக்கரம் கொண்ட வண்டியை வாங்கினேன். சீட்டை அடிவரை இறக்கியும் அவனுக்குக் கால் எட்டவில்லை. நிறுத்த வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து குதித்துத்தான் இறங்கினான். இரண்டு முறை நடுக்கம்பியில் அடிபட்ட பிறகு வண்டி மாடிப்படிக்குக் கீழே போய்விட்டது. அவனுக்குப் போதிய உயரம் வந்தபோது டயர் வெடிப்பு விட்டு, செயின் துருவேறி, கேபிள்கள் உறைக்குள்ளேயே இறுகிக் கிடந்தன.

"நாங்கள் குரங்குப் பெடல் போட்டுத்தானே கற்றுக்கொண்டோம்" என்று பெரியவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்து வாடகைக் கடைகளிலேயே அரை சைக்கிள், முக்கால் சைக்கிள் என்று பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்றபடி வண்டிகள் இருந்தன. மணிக்கணக்குக்குக் கொடுக்கக் காசு இல்லாத நாளில்தான் அப்பாவின் பெரிய வண்டியில் குரங்குப் பெடல் போட்டோம்; விரும்பிப் போட்டதில்லை.

கணக்காகவே பார்ப்போம். ஆறு வயது முதல் பருவ வயது தொடங்கும்வரை பிள்ளைகள் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 முதல் 6 செ.மீ. வளர்கிறார்கள். இன்றைய உயரத்துக்குச் சரியாகப் பொருந்தும் வண்டி, சீட்டையும் ஹேண்டில் பாரையும் படிப்படியாக உயர்த்திக்கொண்டே போனால், சுமார் 15 செ.மீ. வளர்ச்சியைத் தாங்கும். அதாவது இரண்டரை ஆண்டு. அதற்கு மேல் எதிர்பார்த்து வாங்குகிறவர், பிள்ளை பயந்து பயந்து ஓட்டும் முதல் இரண்டு ஆண்டுகளைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்.

வயதை வைத்துச் சக்கர அளவைத் தீர்மானிக்கலாமா?

கூடாது. ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்குள் ஒரு சாண் உயர வேறுபாடு இருப்பதை எந்தப் பள்ளி வாசலிலும் பார்க்கலாம். உயரத்தையும் உள்கால் அளவையும் எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். பிள்ளையை வெறுங்காலுடன் சுவரோடு முதுகு ஒட்டி நிற்கவைத்து, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு இடையில் சீட்டைப் போல மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளந்தால் உள்கால் அளவு கிடைக்கும். சைக்கிளின் நடுக்கம்பி இந்த அளவைவிடக் குறைந்தது 5 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும்.

தோராயமாகச் சொன்னால், 115 முதல் 130 செ.மீ. வரை உயரமுள்ள பிள்ளைக்கு 20 அங்குலச் சக்கரமும், 130 முதல் 145 வரை 24 அங்குலமும், அதற்கு மேல் 13 அல்லது 14 அங்குல ஃபிரேம் கொண்ட 26 அங்குல வண்டியும் பொருந்தும். சக்கர அளவு வேறு, ஃபிரேம் அளவு (சீட் கம்பி நுழையும் குழாயின் நீளம்) வேறு என்பதை மறக்கக் கூடாது. 26 அங்குலச் சக்கரத்திலேயே 18 அங்குல ஃபிரேமும் வருகிறது. அது வளர்ந்தவர்களுக்கு உரியது. இரண்டு அளவுகளுக்கு நடுவில் நிற்கும் பிள்ளை தயங்கித் தயங்கி ஓட்டுமானால் சிறியதையும், ஏற்கெனவே நன்றாக ஓட்டுமானால் பெரியதையும் எடுக்கலாம்.

கடையில் என்னென்ன பார்க்க வேண்டும்?

பிள்ளையை அழைத்துக்கொண்டு போக வேண்டும். பிறந்தநாளுக்கு வியப்பூட்ட வேண்டும் என்று தனியாகப் போய் வாங்குவது வேண்டாம். சீட்டில் உட்கார்ந்தபடி இரு கால்களின் முன்பாதமும் தரையில் பட வேண்டும். ஹேண்டில் பாரை முழுதாகத் திருப்பும்போது முழங்காலில் இடிக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, உள்ளங்கையைக் கைப்பிடியிலிருந்து நகர்த்தாமலே பிரேக் பிடியை விரல்களால் எட்டி இழுக்க முடிய வேண்டும். எட்டவில்லை என்றால் உடனே வண்டியைத் தள்ளிவிட வேண்டியதில்லை. பெரும்பாலான பிரேக் பிடிகளில் அடிப்பகுதியில் ஒரு சிறு திருகு இருக்கும். அதை உள்ளே முடுக்கினால் பிடி ஹேண்டில் பாரை நோக்கி நெருங்கி வரும். இந்தத் திருகைத் தொடாமலே பிள்ளைகளின் கையில் வண்டியைக் கொடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் வலக்கைப் பிடிதான் முன் பிரேக்கை இயக்கும். அதைப் பிள்ளைக்குச் செய்து காட்டிவிட்டுப் புறப்படுங்கள்.

எடை அவ்வளவு முக்கியமா?

கடையில் யாரும் கேட்காத, ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். 30 கிலோ எடையுள்ள பிள்ளை 15 கிலோ வண்டியை ஓட்டுகிறது என்றால், தன் எடையில் பாதியைச் சுமந்து மிதிக்கிறது என்று பொருள். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 35 கிலோ வண்டியை ஓட்டுவதற்கு இது சமம். நிரம்பிய சமையல் எரிவாயு சிலிண்டரைவிடக் கனமான ஒரு வண்டியில் ஏறி, மேம்பாலம் ஏற நமக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். "பையன் சைக்கிளையே எடுக்கமாட்டேன் என்கிறான்" என்ற குறைக்குப் பாதிக் காரணம் இந்த எடைதான் என்பது என் முடிவு. ஸ்டாண்டு, மட்கார்டு, கேரியர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஒன்றரை, இரண்டு கிலோ ஆகிவிடும். வண்டியில் பள்ளிக்குப் போகாத பிள்ளைக்குக் கேரியர் எதற்கு?

முன்னாலும் பின்னாலும் சஸ்பென்ஷன் உள்ள வண்டி கேட்டு அழுகிறான். வாங்கலாமா?

சஸ்பென்ஷன் என்பது குலுக்கலைத் தாங்கும் வில் அமைப்பு. பின் சஸ்பென்ஷனை முதலிலேயே மறந்துவிடுங்கள். விலை குறைந்த வண்டிகளில் அது எடையைக் கூட்டி, மிதிக்கும் வலிமையில் ஒரு பகுதியை ஊஞ்சலாட்டத்தில் வீணாக்கி, ஓராண்டுக்குள் இணைப்புகள் தேய்ந்து கிறீச்சிடத் தொடங்கும்.

முன்சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் கவையான முன் ஃபோர்க்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மலிவான ஃபோர்க்கின் உள்ளே இருக்கும் சுருள்வில், வளர்ந்தவரின் எடையைத் தாங்கும் அளவுக்குக் கடினமானது. 30 கிலோ பிள்ளை ஏறினால் அது அசைவதே இல்லை. வேலை செய்யாத அந்த ஃபோர்க் இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். அதே இடத்தில் வில் இல்லாத சாதாரண ஃபோர்க் ஏறக்குறைய பாதி எடைதான். உங்கள் வீட்டு வண்டியின் ஃபோர்க் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. பளபளப்பான உள்குழாயில், கீழே ரப்பர் வளையத்தை ஒட்டினாற்போல ஒரு பிளாஸ்டிக் கட்டு நாடாவைத் தளர்வாகக் கட்டி, பிள்ளையைக் கரடுமுரடான பாதையில் கால் மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். நாடா எவ்வளவு மேலே தள்ளப்பட்டிருக்கிறதோ அவ்வளவுதான் ஃபோர்க் உள்ளே இறங்கியிருக்கிறது. என் மகளின் 24 அங்குல வண்டியில் அது ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

காற்று நிரப்பும் வகை ஃபோர்க்கில் பிள்ளையின் எடைக்கு ஏற்பக் காற்றைக் குறைத்துக்கொள்ளலாம் என்பதால் அது உண்மையிலேயே பயன்படும். ஆனால் அதன் விலைக்கு இன்னொரு நல்ல சைக்கிளே வந்துவிடும். 24 அங்குலம்வரை சஸ்பென்ஷன் இல்லாத ஃபோர்க்கும், காற்றைச் சற்றுக் குறைத்த இரண்டு அங்குல அகல டயரும் போதும். சிறு கற்களின் அதிர்ச்சியை அந்த டயரே வாங்கிக்கொள்ளும்.

21 கியர் வண்டி 7 கியர் வண்டியைவிட மேலானதா?

எண்ணிக்கையில் ஒன்றும் இல்லை. பல்லைத்தான் எண்ண வேண்டும். முன்னால் மூன்று செயின் வீல், பின்னால் ஏழு பல்சக்கரம் என்றால் 21 என்று பெருக்கிச் சொல்கிறார்கள். அவற்றுள் பல ஒன்றுக்கொன்று ஏறக்குறைய சமமானவை. சிலவற்றைப் பயன்படுத்தினால் செயின் குறுக்காக இழுபட்டுத் தேயும். பத்து வயதுப் பிள்ளைக்கு இடக்கையில் ஒரு கியர், வலக்கையில் ஒரு கியர் என்று இரண்டையும் இணைத்து யோசிப்பது பெரிய குழப்பம். முன்னால் ஒன்றே ஒன்றும் பின்னால் ஆறோ ஏழோ இருப்பதுதான் பிள்ளைகளுக்கு ஏற்றது.

அந்த முன் செயின் வீலில் எத்தனை பற்கள் என்பதே கேள்வி. 24 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.9 மீட்டர் போகும். முன்னால் 42 பல்லும் பின்னால் மிகப் பெரியது 28 பல்லுமாக இருந்தால், ஒரு முறை மிதிக்கும்போது வண்டி 2.85 மீட்டர் நகர வேண்டும். ஏற்றத்தில் இது பிள்ளையின் காலுக்கு மிகவும் கடினம். முன்னால் 32, பின்னால் 34 என்று மாற்றினால் அது 1.8 மீட்டராகக் குறையும். சத்துவாச்சாரியில் மலையடிவாரத் தெருக்களில் வசிப்பவர்களுக்கும், ஓட்டேரியைத் தாண்டிப் பாலமதி மலைச் சாலையில் கொஞ்சதூரமாவது ஏறிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் இந்த வேறுபாடு முதல் நாளே புரிந்துவிடும். மாற்றும்போது, பின்னால் செயினை நகர்த்தித் தரும் டீரெய்லர் 34 பல்லை ஏற்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள். செயினில் சில கண்ணிகளைக் கூட்டவும் வேண்டியிருக்கும்.

டிஸ்க் பிரேக் இல்லாவிட்டால் ஆபத்தா?

இல்லை. பவர் பிரேக் என்று கடையில் சொல்லும், ரிம்மை இரு பக்கமும் கவ்வும் வி பிரேக், கோட்டம் இல்லாத அலுமினிய ரிம்மில், நல்ல ரப்பர்க் கட்டையுடன் இருந்தால் பிள்ளையின் எடைக்குத் தாராளமாகப் போதும். மலிவான கேபிள் டிஸ்க் பிரேக்கைவிட அது எடையும் குறைவு, தெருமுனைக் கடையிலேயே சரிசெய்துவிடலாம். மழைக்காலத்தில் சேற்றிலும் ஏரிக்கரை மண்ணிலும் அடிக்கடி ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் டிஸ்க் கைகொடுக்கும், ஏனென்றால் ரிம்மில் ஒட்டும் சேறு அதைப் பாதிக்காது. ஓட்டி வந்த கையோடு டிஸ்க் தகட்டைத் தொடக் கூடாது என்றும், அதன் மேல் எண்ணெய் படக் கூடாது என்றும் பிள்ளைக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

வாரத்துக்கு இரண்டு பஞ்சர். என்ன செய்வது?

வேலூர்ப் பக்கத்தில் மலைச் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு மலையைவிடப் பெரிய எதிரி முள்தான். பாலாற்றின் இரு கரைகளிலும், வற்றிய ஏரிகளின் உள்வாயிலும் வேலிகாத்தான் என்று நாங்கள் சொல்லும் சீமைக் கருவேலம் காடாக மண்டிக் கிடக்கிறது. விறகுக்கு வெட்டி இழுத்துச் சென்ற தடமெல்லாம் காய்ந்த முள் உதிர்ந்திருக்கும். அது பட்டன் டயரின் தடித்த ரப்பரையும் ஊடுருவும். நெருஞ்சி முள் சிறியது, ஆனால் ஒரே இடத்தில் நான்கைந்து குத்திவிடும்.

பஞ்சர் ஒட்டியவுடன் மறுபடியும் காற்று இறங்குகிறது என்றால், பெரும்பாலும் பழைய முள்ளின் முனை டயருக்குள் முறிந்து நிற்கிறது. டியூபை மாட்டுவதற்கு முன் பழைய பருத்தித் துணியை டயரின் உட்புறம் முழுதும் சுற்றித் தேய்த்து வாருங்கள். நூல் சிக்கும் இடத்தில் முள் இருக்கும். விரலால் தடவித் தேடினால் கண்டுபிடிப்பது விரலாகத்தான் இருக்கும்.

நிலையான தீர்வு, டியூபுக்குள் ஊற்றும் பஞ்சர் அடைக்கும் திரவம். மோட்டார் பைக் டியூபில் இருப்பது போன்ற வால்வு உள்ள டியூப்களில், நடுவில் இருக்கும் வால்வு ஊசியைக் கழற்றி அதை ஊற்றலாம். பழைய வால்வ் டியூப் வகையில் முழு வால்வையும் கழற்ற வேண்டியிருக்கும். திரவம் நாளடைவில் காய்ந்துவிடும் என்பதால், கோடை முடிந்ததும் சோதித்துப் பாருங்கள். டயருக்கும் டியூபுக்கும் நடுவில் வைக்கும் பட்டையும் பயன்படும், ஆனால் எடை கூடும்.

காற்றைப் பற்றி ஒரு சொல். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது தாங்கும் உச்ச அளவு, நிரப்ப வேண்டிய அளவு அன்று. 30 கிலோ பிள்ளைக்கு இரண்டு அங்குல டயரில் மண் பாதைக்கு 20 முதல் 25 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு), தார்ச் சாலைக்கு 30 போதும். பெட்ரோல் பங்கில் ஒரு நொடியில் 50 ஏற்றிவிடுவார்கள். வண்டி கல்லின் மேல் பந்துபோலத் துள்ளும். மிகக் குறைத்தாலும் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி அடுத்தடுத்து இரண்டு ஓட்டை விழும்.

இருக்கும் வண்டியை மேம்படுத்துவதானால் எதை முதலில் மாற்ற வேண்டும்?

அடுத்த வண்டிக்கும் கழற்றி மாட்டிக்கொள்ளக்கூடியதை முதலில் மாற்றுங்கள் என்பதே என் விடை. அகலமான, வழுக்காத பெடல், பிள்ளையின் உடலுக்கேற்ற ஒடுக்கமான சீட், மென்மையான கைப்பிடி, விளக்கு, சிறிய பம்பு ஆகியவை எத்தனை வண்டி மாறினாலும் கூடவே வரும். பெடலைக் கழற்றும்போது இடப்பக்கத்து மரை எதிர்த்திசையில் சுற்றும் என்பதை நினைவில் வையுங்கள்; அது தெரியாமல் முழு பலத்தையும் போட்டு மரையை அழித்தவர்களில் நானும் ஒருவன்.

அடுத்து, மலிவானதாயினும் பலன் மிகுந்தது பிரேக் கட்டையும் புதிய கேபிளும். அதற்கடுத்து டயர். சீட் கம்பியை உயர்த்தும்போது அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கோட்டைத் தாண்டி வெளியே எடுக்கக் கூடாது. எட்டவில்லை என்றால் அதே குறுக்களவில் நீளமான கம்பி வாங்க வேண்டும். குறுக்களவு 0.2 மி.மீ. மாறினாலும் பொருந்தாது, ஆகவே பழையதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

பலர் கவனிக்காதது கிராங்க்கின், அதாவது பெடலைத் தாங்கிச் சுற்றும் கம்பியின், நீளம். பெரியவர்களுக்கு உரிய 170 மி.மீ. கிராங்க்கைப் பிள்ளைகளின் வண்டியிலும் பூட்டி விற்பது உண்டு. 140 செ.மீ. உயரப் பிள்ளைக்கு 140 முதல் 152 மி.மீ. வரைதான் ஏற்றது, நீண்டால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் வயிற்றருகே ஏறி, இடுப்பு இரு பக்கமும் ஆடும். பிள்ளை ஓட்டும்போது பின்னாலிருந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

ஃபோர்க்கையும் சக்கரங்களையும் மாற்றாதீர்கள். மொத்தச் செலவு வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுமானால், அந்தப் பணத்தை அடுத்த வண்டிக்கு வைத்துக்கொள்வது நல்லது.

24 அங்குல டயர் எல்லாம் ஒன்றுதானே?

அன்று. மலைச் சைக்கிளின் 24 அங்குல ரிம் 507 மி.மீ. குறுக்களவு கொண்டது, அக்காவின் பழைய லேடீஸ் சைக்கிளிலும் 24 என்றே எழுதியிருக்கலாம், ஆனால் ரிம் வேறாக இருக்கும். 26 அங்குலத்திலும் மலைச் சைக்கிளுக்கு 559, மெல்லிய டயர் வண்டிக்கு 590 என்று வேறுபடும். டயரின் பக்கவாட்டில் 50-507 என்பது போல எழுதியிருக்கும் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் அலைச்சல் மிச்சம்.

பெண் பிள்ளைக்குத் தனி மாடல் வேண்டுமா?

வேண்டாம். உயரமும் கை எட்டும் தூரமும் பார்த்தால் போதும். பாவாடையோ சுடிதாரோ அணிந்து ஓட்டுவதானால் செயினுக்கு மூடி இருக்கட்டும்.

24-க்குப் பிறகு என்ன வாங்குவது?

பத்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைக்குப் பள்ளிக்குப் போகவென்று புதிய வண்டி வாங்க நினைப்பவர்கள் சற்றுப் பொறுக்கலாம். அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படித்தால் 11-ஆம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி கிடைக்கிறது. அன்றாடப் போக்குவரத்துக்கு அந்த வண்டியே போதும். மலைச் சைக்கிளை விளையாட்டுக்காக மட்டும் வைத்துக்கொள்ளலாம். 145 செ.மீ. தாண்டியவர்கள் 26 அங்குல வண்டிக்கும், 150 தாண்டியவர்கள் சிறிய ஃபிரேம் கொண்ட 27.5 அங்குல வண்டிக்கும் போகலாம். ஹேண்டில் பார் மிக அகலமாகத் தோன்றினால், இரு முனைகளையும் சமமாக அறுத்துக் குறைத்துக்கொள்ளலாம்.

பழைய வண்டி வாங்கினால் எதைப் பார்ப்பது?

பிள்ளைகள் விரைவாக வளர்வதால் நல்ல பழைய வண்டி கிடைப்பது கடினமன்று. நான் பெரும்பாலும் இதையே சொல்வேன். ஹேண்டில் பாருக்குக் கீழே குழாய்கள் சேரும் பற்றவைப்பில் பெயிண்ட் விரிசல் இருந்தால் தொடாதீர்கள். சக்கரத்தைச் சுழற்றிக் கோட்டம் பாருங்கள். சிறு கோட்டத்தை ஸ்போக்ஸ் கம்பியை முடுக்கிச் சரிசெய்யலாம், ரிம் நசுங்கியிருந்தால் முடியாது. செயினைக் கண்ணியோடு கண்ணி அளந்தால் புதியதில் 12 முழுக் கண்ணிகள் (உள்தகட்டு இணையும் வெளித்தகட்டு இணையும் சேர்ந்தது ஒரு முழுக் கண்ணி) சரியாக 12 அங்குலம் இருக்கும். எட்டில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் செயினோடு ஃப்ரீவீலும் (பின் பல்சக்கரத் தொகுதியும்) தேய்ந்திருக்கும் என்று விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

பாலாற்று மணலில் ஓட்டிய பிறகு செயின் கரகரக்கிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா?

விடக் கூடாது. அது பிசுபிசுத்து மணலைப் பிடித்துக்கொள்ளும். உலர்ந்த பிரஷ்ஷால் மணலைத் தட்டிவிட்டு, துணியால் துடைத்து, செயினுக்கு என்றே விற்கும் எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு துளி வீதம் விட்டு, வெளியில் வழிவதை மறுபடி துடைத்துவிட வேண்டும். தையல் இயந்திர எண்ணெய் அவசரத்துக்கு உதவும். ஆனால் ஓரிரு நாளில் காய்ந்துவிடும்.

ஏலகிரிக்கு அழைத்துப் போகலாமா?

மேலே, ஊருக்குள் ஓட்ட அழைத்துப் போகலாம். 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கி ஓட்ட, பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை நான் விடமாட்டேன். பேருந்துகள் வளைவில் முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும் என்பது ஒன்று. சிறிய கைகள் நெடுநேரம் பிரேக்கைப் பிடித்தபடி இருந்தால் மரத்துப்போய்ப் பிடி தளரும் என்பது மற்றொன்று. பெரிய பிள்ளைகள் இறங்கும்போது இரு பிரேக்கையும் விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். தொடர்ந்து அழுத்தினால் ரிம் சூடாகும். இடையில் இரண்டு மூன்று வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி இளைப்பாறச் சொல்லுங்கள்.

ஹெல்மெட்டையும் வளர்கிற தலைக்கென்று பெரிதாக வாங்கலாமா?

வாங்கவே கூடாது. நெற்றியைச் சுற்றித் தலையை டேப்பால் அளந்து, அந்த அளவுக்கு வாங்குங்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நின்று, தலையை ஆட்டினால் நகராமல் இருக்க வேண்டும். பின்னால் உள்ள சக்கரத்தைத் திருகி ஓரளவு தளர்த்திக்கொள்ளலாம் என்பதால் இரண்டு ஆண்டுகள் வரும். ஒரு முறை பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், அதோடு முடிந்தது.